பாக்கியசீலிக்கு வந்த பிடிவாரண்ட்

மணிக்கூண்டைச் சட்டி ஆவியால் மறைத்து ஒரு செவ்வாய்க்கிழமையை நாற்பது நிமிடம் தாமதமாக்கினாள் என்று, இடியாப்பம் விற்கும் பாக்கியசீலி மேல் வழக்கு. சம்மன் தயாராகிவிட்டது, ஏட்டு உச்சிமாகாளி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று பால்காரர் வந்து சொன்னார். வாசலில் போலீஸ் நின்றால் வாடிக்கை போய்விடும். நாமே போய் வாங்கிக்கொள்வோம் என்று பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடி, கதவை வெறுமனே சாத்திவிட்டு பாக்கியசீலி பஸ் ஏறினாள்.

கோர்ட்டு வராந்தா நடக்க நடக்க நீண்டது. வழியில் இரண்டு இடத்தில் தண்ணீர்ப் பானை வைத்திருந்தார்கள். அதனால் சிரமம் தெரியவில்லை.

உள்ளே அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்று முறையும் அவள் கையைத் தூக்கினாள். மாஜிஸ்திரேட் ஒரு இளவயது அம்மாள். அவளை நன்றாகப் பார்த்தார். பிறகு காகிதத்தைப் பார்த்தார்.

“சம்மன் கொடுத்தாச்சா?”

“இல்லம்மா, ஏட்டு இன்னும் திரும்பல,” என்றார் கிளார்க்.

“அப்ப இவங்க வந்திருக்க முடியாதே.”

அந்த அம்மாள் பொறுமையாக விளக்கினார். சம்மனில் இரண்டு பிரதி உண்டு. ஒன்று உங்களுக்கு. மற்றதன் பின்பக்கம் நீங்கள் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அந்தக் கையெழுத்து வரும்வரை நீங்கள் வரவில்லை. வராதவர் மேல் வாரண்ட் போடுவதுதான் முறை. ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட்தான், பயப்பட வேண்டாம்.

பாக்கியசீலி பயந்துதான் போனாள். லாக்கப்பில் போட்டால் நாளைக்கு மாவு புளித்துவிடும்.

வாரண்டைக் கொண்டுபோக ஆளில்லை. உச்சிமாகாளியின் தொப்பி மட்டும் பெஞ்சில் இருந்தது. கிளார்க் அதை எடுத்து அவள் தலையில் வைத்தார். அளவு சரியாக இருந்தது. பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாரண்டை அவளிடமே கொடுத்தார்.

அவள் திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். உள்ளே உச்சிமாகாளி குத்தவைத்து உட்கார்ந்து இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தார். ஆள் இல்லை, வாங்கிக்கொள்ளக் குடும்பத்தில் பெரியவர்களும் இல்லை, சம்மனைக் கதவில் ஒட்டலாம் என்று பசை தேடி உள்ளே போயிருக்கிறார். அதற்குள் சனம் தட்டோடு வந்துவிட்டது. முதல் ஈடு உடைந்துபோனது. இரண்டாவது சரியாக வந்தது. “பாக்கியசீலிக்கா, எனக்கு நாலு,” என்று அவரிடம் ஒருவர் கேட்டார். அவர் எண்ணி வைத்தார்.

இழை அவள் பிழிவதைவிட மெல்லிசாக இருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது.

“பாக்கியசீலி நீங்கதானா?” என்று கேட்டாள்.

உச்சிமாகாளி வரிசையைப் பார்த்தார். “ஆமா.”

“வாரண்ட் இருக்கு. கிளம்புங்க.”

“இந்த ஈட்ட எறக்கிட்டு வாரேனே.”

அதில் தப்பில்லை என்று அவளுக்குப் பட்டது. வரிசை தீரும்வரை நின்றாள்.

கோர்ட்டில் ஜாமீன்தாரர் கேட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவரை வெகுகாலம் அறிந்தவராக இருக்க வேண்டுமாம். “பொறந்ததுலேருந்து தெரியும்மா,” என்று பாக்கியசீலி முன்னால் போய் நின்றாள். மாஜிஸ்திரேட் அம்மாளுக்குத் திருப்தி. வாரண்டைத் திரும்பப் பெற்றார். உச்சிமாகாளி குற்றத்தை உடனே ஒப்புக்கொண்டார். இனி செவ்வாய்க்கிழமைகளில் சட்டியை மூடி வைக்க வேண்டும் என்று எச்சரித்து அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் பாக்கியசீலி வீட்டுச் சாவியை அவர் கையில் கொடுத்தாள். தேங்காய் மேல்தட்டில் இருக்கிறது, அரிசியை ஏழு மணிக்குள் நனைத்துவிட வேண்டும் என்று சொன்னாள். பஸ் அவரை ஏற்றிக்கொண்டு போனது. பஸ் திருப்பத்தில் மறைந்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

அவள் போலீஸ் குடியிருப்புக்கு நடந்தாள். உச்சிமாகாளியின் மனைவி பேச்சித்தாய் கதவைத் திறந்தாள். தொப்பியை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

“இன்னைக்கு வெரசா வந்துட்டீகளே. கையக் கழுவிட்டு உக்காருங்க, தோசை ஊத்துதேன்.”

பாக்கியசீலி உட்கார்ந்தாள். புருஷன் போய்ப் பத்தொன்பது வருஷமாகிறது. இத்தனை காலத்தில் அவளுக்கென்று யாரும் அடுப்புப் பற்றவைத்ததில்லை. மூன்றாவது தோசையைக் கொஞ்சம் முறுகலாகக் கேட்டாள்.