கோழி மார்க் கொக்கி

வெள்ளிக்கிழமை விண்வெளித் தொடருக்காகக் குருவியின் வீட்டில் டீவியைக் கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்த்தி வைத்திருந்தார்கள். படுத்த வாக்கில் பார்த்தால்தான் அவனுக்குத் தெரியும். உயரமான கட்டிடங்களில் கயிற்றில் தொங்கிப் பெயிண்ட் அடிக்கிறவன். எந்த விளிம்பிலும் கூச்சமில்லாமல் உட்காருவான் என்பதால் வேலையிடத்தில் குருவி என்று பெயர். அந்தக் குருவி இப்போது இடுப்பெலும்பு உடைந்து, திரும்பிப் படுக்கக்கூட மனைவியைக் கூப்பிடுகிற நிலைமையில் கிடந்தது.

அவன் விழுந்ததற்கு இரண்டு கதை இருந்தது. பாதுகாப்பு பெல்ட்டில் இருக்கிற கொக்கியைக் கயிற்றில் மாட்டினேன், அது திறந்துகொண்டது என்பது அவன் கதை. கொக்கியை மாட்டவே இல்லை, ஆளின் அலட்சியம் என்பது கம்பெனியின் கதை. கம்பெனிக் கதை நிலைத்துவிட்டால் கம்பெனி செலவில் நடக்கிற வைத்தியமும் நின்றுவிடும், வேலையும் போய்விடும். விசாரணைக்கு நாள் குறித்தாகிவிட்டது. உயரத்து வேலைகளை எடுத்துச் செய்வதும் அந்தக் கம்பெனிதான், அந்த பெல்ட்டைச் செய்து கடை கடையாக விற்பதும் அதே கம்பெனிதான். பெல்ட் பழுது என்று அவர்கள் வாயிலிருந்து வரவா போகிறது?

அவன் மனைவி ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். கறையைப் பார்த்தால் அது என்ன கறை என்று சொல்லிவிடுவாள். ஆட்களைத்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை. புருஷன் விழுந்ததிலிருந்து யார் என்ன பேசினாலும் அதற்கு அடியில் இன்னொரு பேச்சு இருக்கிற மாதிரியே அவளுக்குப் பட்டது. புருஷன் பேச்சு உட்பட.

"நிஜமாவே மாட்டினீங்களா?" என்று கேட்பாள். அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மாட்டினவன் எதற்குத் திரும்பிக்கொள்ள வேண்டும் என்று அவள் மனது குடையும்.

அன்றைக்குத் தொடர் பார்க்க அவளுடைய அண்ணி மட்டும் வந்திருந்தாள். அவள் அண்ணன்தான் குருவியின் குழுவுக்கு மேஸ்திரி. வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, விண்கலத்தைப் பார்த்து வெல்டிங் சரியில்லை என்று குறை சொல்கிற ஆள், தலைவலி என்று வீட்டிலேயே தங்கிவிட்டான்.

"எப்ப இருந்து அண்ணனுக்குத் தலைவலி?" என்றாள் அவள்.

"தலை எப்ப இருந்து இருக்கோ அப்ப இருந்து" என்றாள் அண்ணி. "போன மாசம் வெளியூர் வேலைன்னு போயிட்டு வந்தாரே, அப்பவே ஆள் சரியில்ல. சட்டையெல்லாம் சென்ட் வாசம். பெயிண்டுல எப்ப இருந்துய்யா சென்ட் கலக்குறாங்கன்னு கேட்டேன். அவரே எடுத்துத் தொவைக்கப் போட்டுட்டாரு."

தொடரில் கேப்டன் ஒரு பெண். முந்நூறு வருஷத்துக்குப் பிறகு நடக்கிற கதை. விண்கலத்தின் வெளிப்பக்கம் எதுவோ உடைந்துபோக, கேப்டன் வெளியே போய்ச் சரிசெய்ய வேண்டும். பெல்ட்டை எடுத்து இடுப்பில் கட்டினாள். கேமரா வேறு வேலை இல்லாதது போல பெல்ட்டின் முகப்பிலேயே போய் நின்றது. குருவியின் கம்பெனி முத்திரையான சிவப்புக் கழுகு, இறக்கையை விரித்துக்கொண்டு. கம்பெனி அதைக் கழுகு என்கிறது. வேலைக்காரர்கள் அதன் தொப்பையைப் பார்த்துக் கோழி மார்க் என்பார்கள்.

"முந்நூறு வருஷம் ஆகியும் இந்தக் கோழி சாகலையா?" என்றாள் அண்ணி.

குருவி சிரித்தான். சிரித்தால் இடுப்பு வலிக்கும், வலித்தாலும் சிரித்தான். "அந்தப் பக்கத்து கிரகத்துலயும் கிளை தொறந்திருப்பாங்க. அங்கயும் மச்சான்தான் மேஸ்திரி."

கேப்டன் கதவுக்கு வெளியே வந்தாள். சுற்றிலும் கருப்பு. கொக்கியைக் கம்பியில் மாட்டினாள். மாட்டிவிட்டு, கட்டைவிரலின் அடிமேட்டால் அதை இரண்டு தட்டு தட்டினாள். டக், டக்.

குருவியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அது நம்ம தட்டு" என்றான்.

அவன் மனைவிக்கும் தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற தட்டு. கதவுத் தாழ்ப்பாள், சாப்பாட்டு டப்பா மூடி, கேஸ் சிலிண்டர், எதை மூடினாலும் அவன் கை ரெண்டு தட்டு தட்டாமல் விலகாது. கோழி மார்க் கொக்கியின் வாய் தானாக மூடும், உள்ளே இருக்கிற பூட்டு தானாக விழாது. தட்டினால்தான் விழும். இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை. வேலைக்கு வந்த முதல் நாள் பக்கத்தில் தொங்குகிறவன் சொல்லித் தருவான், அவ்வளவுதான். கம்பெனியைக் கேட்டால் அது தானே பூட்டிக்கொள்கிற கொக்கி.

டீவியில் கேப்டன் கால் தவறிக் கருப்புக்குள் விழுந்தாள். பெல்ட் பிடித்துக்கொண்டது. இசை கிளம்பியது. அடுத்த நிமிஷமே விளம்பரம், அதிலும் அதே கோழி.

அண்ணி போன பிறகு அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "இப்பவாவது சொல்லுங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மாட்டினேன். சத்தியமா மாட்டினேன். தட்டினேனான்னுதான் ஞாபகம் இல்ல. இந்தக் கையில பெயிண்ட் டப்பா இருந்துச்சு."

"இதை ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"மச்சான்தான் சொன்னாரு. தட்டுறதப் பத்தி வாயே தெறக்காத, பெல்ட் சரியில்லன்னு தெரிஞ்சேதான நீ ஏறினேன்னு உன்மேலயே திருப்பிடுவாங்கன்னு."

அது நல்ல யோசனை மாதிரியும் இருந்தது. யாருக்கு நல்லது என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் சலவைக்கூடம் முழுக்க அந்தத் தொடரைப் பற்றித்தான் பேச்சு. மடிப்பு மேசையில் எதிர்ப்பக்கம் நிற்கிற ரேடியோ அக்காவை யாரும் நிறுத்த முடியாது. நிறுத்தினால் ராத்திரி தூங்கமாட்டாள்.

"கதை கொஞ்சம், விளம்பரம் நெறைய. பெல்ட்டைக் காட்டின நேரத்துல பாதி அந்தப் பொண்ணு மூஞ்சியைக் காட்டியிருந்தா புண்ணியமாப் போகும். சரி, ஒண்ணு கேக்குறேன். காத்தே இல்லாத இடம்ங்கிறாங்க. அங்க டக் டக்னு எப்படிடி கேட்டுச்சு?"

"உனக்குக் கேக்கணும்னுதான் வச்சிருக்காங்க. உனக்குத்தான் எல்லாம் கேக்குமே" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

எல்லார் போனிலும் அந்தத் தட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ குளிர்சாதனப் பெட்டியை மூடித் தட்டுகிறார்கள். யாரோ தூங்குகிற புருஷனின் வாயை மூடித் தட்டுகிறார்கள். தொடரைத் திட்டி எழுதினவர்கள் திட்டின கையோடு ஒருமுறை தட்டியும் பார்த்திருந்தார்கள். இயந்திரத்தின் கதவைச் சாத்திய ரேடியோ அக்கா, அதையும் ரெண்டு தட்டு தட்டினாள். கூடமே சிரித்தது.

குருவியின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. ஈரப் படுக்கைவிரிப்பின் ஒரு நுனியைப் பிடித்தபடி நின்றாள். அந்த நடிகை கயிற்றில் தொங்கிப் பெயிண்ட் அடித்தவள் இல்லை. யாரோ பக்கத்தில் நின்று பழக்கியிருக்கிறார்கள். வெளியூர் வேலை. சென்ட் வாசம். வெள்ளிக்கிழமைத் தலைவலி.

வேலை முடிந்ததும் நேராகக் கம்பெனியின் கயிற்றுக் கொட்டகைக்குப் போனாள். அண்ணன் தரையில் உட்கார்ந்து, அறுந்த நூல் இருக்கிறதா என்று கயிற்றை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தலைவலி தேவலையா?"

"ம்."

"நடிகை எப்படி, நேர்லயும் அழகுதானா?"

கயிற்றில் ஓடின விரல் நின்றது. "உங்க அண்ணிகிட்ட சொல்லிடாத."

"அண்ணி வேற எதையோ நினைச்சு அழுதுகிட்டு இருக்கா. இதைச் சொன்னா நிம்மதியாத் தூங்குவா. யாரு அனுப்பினது?"

"கம்பெனிதான். பெல்ட் கட்டுறது, தொங்குறது, கால் வைக்கிறது, அதெல்லாம் பழக்கிக் குடுன்னாங்க."

"தட்டுறதும் பழக்கச் சொன்னாங்களா?"

"நான் எங்க சொல்லிக்குடுத்தேன்? அந்தம்மா என் கையையே பார்த்துகிட்டு இருந்துச்சு. நான் தட்டினா அதுவும் தட்டும். கம்பெனியோட விளம்பர ஆளு ஒருத்தன் பக்கத்துல நின்னான். நல்லா இருக்கு, ஸ்டைலா இருக்கு, அப்படியே இருக்கட்டும்னுட்டான். அவனுக்கு என்ன தெரியும், அவன் ஏணியில கூட ஏறினவன் இல்ல."

"விசாரணைல இதைச் சொல்லு. தட்டினாத்தான் பூட்டும்னு சொல்லு."

அண்ணன் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான். "நான் எதையும் பார்க்கலன்னு சொல்லுவேன். உன் புருஷனுக்கு எதிரா ஒரு வார்த்தை வராது. அதுக்கு மேல என்கிட்ட கேக்காத."

"கூடப்பிறந்தவன்னு வந்தேன்."

"கூடப்பிறந்தவன்னுதான் இவ்வளவும் சொன்னேன். வீட்டுக்குப் போ."

அடுத்த வாரம் அதே பகுதியை மறுபடி போட்டார்கள். மூத்திரப் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தவள், கேப்டன் வெளியே வருவதைப் பார்த்துக் கதவோரம் நின்றாள். சுற்றிலும் கருப்பு. கேப்டன் கொக்கியை மாட்டினாள். உடனே முகத்தைக் காட்டினார்கள். தட்டு இல்லை. சத்தமும் இல்லை. வெட்டின இடம் தெரியாமல் ஒட்டியிருந்தார்கள்.

"எங்க அது?" என்றான் குருவி.

ரேடியோ அக்கா போனில் கூப்பிட்டாள். "பார்த்தியா, எடுத்துட்டாங்க. காத்தில்லாத இடத்துல சத்தம் வராதுன்னு நான் கேட்டது அவங்க காதுக்குப் போயிருச்சுபோல." ஊரே அப்படித்தான் பேசிக்கொண்டது. படித்தவர்கள் கிண்டல் பண்ணினதால் திருத்திவிட்டார்கள் என்று.

அவள் அதை நம்பவில்லை. இத்தனை பேர் பார்த்துச் சிரித்தார்கள். அதற்கு அர்த்தம் இருக்கிறது என்று அவள் வாய்விட்டுச் சொன்னது ஒரே ஆளிடம், கயிற்றுக் கொட்டகையில். ஏணியில் ஏறாத விளம்பர ஆளுக்கு எது வெட்ட வேண்டிய இடம் என்று எப்படித் தெரிந்தது? அண்ணி இரண்டு தடவை கூப்பிட்டும் அவள் போனை எடுக்கவில்லை.

விசாரணை தொழிலாளர் அலுவலகத்தின் மாடியில் நடந்தது. லிப்ட் இல்லை. குருவியைச் சக்கர நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். தூக்கின நாலு பேரில் அண்ணனும் ஒருவன். படியில் அவன் மூச்சு வாங்குவது அவள் காதருகே கேட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அதிகாரி கண்ணாடி போட்ட பெண். கம்பெனி ஆள் புது பெல்ட் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "மேடம், இது தானே பூட்டிக்கிற கொக்கி. மாட்டியிருந்தா தெறக்காது. தெறந்துச்சுன்னா மாட்டலன்னு அர்த்தம். எங்க மேஸ்திரியே மாட்டிக் காட்டுவார்."

அண்ணன் எழுந்தான். பெல்ட்டைக் கட்டினான். ஜன்னலின் ஒற்றைக் குறுக்குக் கம்பியில் கொக்கியை மாட்டினான். மாட்டின கை விலகுவதற்குள் கட்டைவிரலின் அடிமேடு போய் இரண்டு முறை விழுந்தது. டக், டக்.

அவன் தன் கையைப் பார்த்தான். வேறு யாருடைய கையோ வந்து தட்டிவிட்டுப் போனதுபோல.

"எதுக்குத் தட்டினீங்க?" என்றார் அதிகாரி.

கம்பெனி ஆள் முந்திக்கொண்டு சிரித்தார். "அந்த டீவி தொடர் மேடம். இப்ப ஊரே அப்படித்தான் தட்டுது. எங்க வீட்டுலயும் அதே கூத்துதான்."

அதிகாரியும் சிரித்தார். "எங்க வீட்டுலயும்தான்."

அவளுக்கு உள்ளே எல்லாம் இடிந்தது. ஊர் முழுக்கத் தட்டித் தட்டி, அந்தத் தட்டுக்கு ஒரு அர்த்தமும் இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். இனி யார் சொன்னாலும் அது விளையாட்டு.

எழுந்தாள். கூப்பிடாமல் பேசக் கூடாது என்று வாசலிலேயே சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் பேசினாள். "அம்மா, விளையாட்டுன்னா ஒண்ணு பண்ணச் சொல்லுங்க. கொக்கியைக் கழட்டிட்டு, தட்டாம மறுபடி மாட்டச் சொல்லுங்க. மாட்டிட்டு ஜன்னலுக்கு வெளிய சாயச் சொல்லுங்க."

கம்பெனி ஆள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். "சாய வேண்டாம், நம்ம மாடியில யாரும் விழ வேண்டாம். இங்க உள்ளயே, பெல்ட்டுல பாரத்தைப் போட்டு, பின்னால தொங்குங்க. தட்டாம."

அண்ணன் கொக்கியைக் கழட்டினான். மாட்டினான். கை அந்தப் பக்கம் போகப் பார்த்தது. இன்னொரு கையால் பிடித்துக்கொண்டான். பின்னால் தரைதான், விழுந்தால் குண்டி வலிக்கும், அவ்வளவுதான். ஆனாலும் முதுகைச் சாய்க்காமல் கொக்கியையே பார்த்துக்கொண்டு நின்றான். நெற்றியில் வேர்த்தது.

"தொங்குங்க" என்றார் கம்பெனி ஆள். குரல் மாறியிருந்தது.

"முடியாது சார்."

"ஏன் முடியாது?" என்றார் அதிகாரி.

அண்ணன் குருவியைப் பார்த்தான். தங்கையைப் பார்க்கவில்லை. "பூட்டு விழலீங்க. தட்டினாத்தான் விழும். எங்க குழுவுல எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்."

அதிகாரி பேனாவை எடுத்தார். "முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார்.

வெளியே வரும்போது கம்பெனி வண்டி அண்ணனை ஏற்றிக்கொள்ளாமல் போய்விட்டிருந்தது. அவன் குருவியின் நாற்காலியைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தான். குருவி முன்னால் பார்த்தபடி, "மச்சான், இனிமே அந்தப் பக்கத்து கிரகத்துலதான் உங்களுக்கு வேலை" என்றான். தானே சிரித்து, தானே வலியில் முனகினான்.

அவள் அண்ணனோடு ஒட்டி நடந்தாள். குருவிக்குக் கேட்காத குரலில் கேட்டாள். "டீவியில அதை வெட்டச் சொன்னது நீதானே?"

அவன் வழியில் கிடந்த கல்லைச் சுற்றி நாற்காலியைத் திருப்பித் தள்ளினான்.

"ஆமா" என்றான். "நீ கொட்டகைக்கு வந்துட்டுப் போன அன்னைக்கே அந்த விளம்பர ஆளுக்குப் போன் போட்டேன்."

அவள் நினைத்தது சரியாகப் போனதில் ஒரு சந்தோஷமும் இல்லை. இன்றைக்கு உள்ளே தட்டியது மறதியா, வேண்டுமென்றேவா என்று கேட்க வாய் வந்தது. கேட்டால் ஒரு பதில் சொல்வான். அதையும் நம்பலாமா என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

"பின்னால என்ன பேச்சு?" என்றான் குருவி.

"ஒண்ணுமில்ல" என்றாள். நாற்காலியின் இன்னொரு கைப்பிடியைப் பிடித்தாள். "பார்த்துத் தள்ளுண்ணா. மேடு வருது."