பிழியக் கூடாத துணி

1

இந்தக் கதையை நான் கண்ணால் பார்க்கவில்லை. என் கண்மேல் மண் இருந்தது.

மூட்டுவலிக்காக ஓர் இயற்கை மருத்துவமனையில் கொஞ்ச நாள் கிடந்தேன். காலையில் அரைமணி நேரம் வயிற்றில் ஒரு மண்பட்டி, கண்ணில் ஒரு மண்பட்டி. அசையக் கூடாது. காது மட்டும் சும்மா இருந்தது. சும்மா இருக்கிற காது என்ன செய்யும்? பக்கத்துக் கட்டிலுக்குப் போயிற்று.

நான் கதை எழுதுகிறவள் என்று தெரிந்து, கிளம்பும்போது, "நம்ம ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு, குணமானவங்க கதை ஒண்ணு இனிமையா எழுதிக் குடுங்கம்மா" என்றார்கள். எழுத உட்கார்ந்தால் இனிமை வரவில்லை. வயிறு எரிகிறது.

2

முதல் தொடக்கம்: "இயற்கை அன்னையின் மடியில்..."

(அடித்துவிட்டேன். அன்னை, மடி என்று ஒருவர் ஆரம்பித்தாலே யாரோ ஒரு பெண்பிள்ளை தலையில் வேலை விழப்போகிறது என்று அர்த்தம்.)

இரண்டாவது தொடக்கம். குரலிலேயே ஆரம்பிக்கிறேன்.

"என்னடி இது, மண்ணை இப்படித் தண்ணியா கரைச்சு வச்சிருக்கே? இங்க கொண்டா, நான் பிசைஞ்சு தர்றேன்."

"அம்மா தாயே, கையை எடுங்க! அந்தக் கைக்குத்தான் வைத்தியமே நடக்குது."

கையை எடுக்கச் சொன்னவள் மண்பட்டி போடுகிற உதவியாளர். நீட்டியவள் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனின் சமையல்காரி. இருபத்தாறு வருஷம் அங்கே முந்நூறு பேருக்கு, வீட்டில் ஐந்து பேருக்கு. இரண்டு கையும் மரத்துப்போய், பிடித்த டம்ளர் தானாக நழுவ ஆரம்பித்த பிறகுதான் வந்து சேர்ந்திருக்கிறாள். வெந்நீரிலும் குளிர்நீரிலும் மாற்றி மாற்றிக் கையை முக்கி, எண்ணெய் தேய்த்து, ஈரத்துணி சுற்றி, இருபத்தொரு நாள் சிகிச்சை. அதுவரை கை ஒரு வேலையும் செய்யக் கூடாது என்பது டாக்டரம்மா கட்டளை.

3

இவள் இருபத்தொரு நாளும் கையைச் சும்மா வைத்திருப்பாளா என்று எனக்கே சந்தேகம் இருந்தது. ஆனால் பதினோராம் நாள் என்னிடம் இப்படிப் பேசினாள்:

"கண்ணு முழிச்சா சாப்பாடு தட்டுல வருதுக்கா. தின்ன தட்டை யாரு கழுவுறாங்கன்னே தெரியல. மொத நாளு அழுகையா வந்துச்சு."

"இப்போ?"

"இப்போ ரெண்டாந்தடவை கேக்கலாமான்னு இருக்கு."

(இந்த இடத்தில் அவளைத் தியாகியாக்கிவிட என் பேனா துறுதுறுத்தது. வேண்டாம். எதிர்க் கட்டில்காரியின் குறட்டையை அச்சு அசலாக விட்டுக்காட்டுகிறவள் அவள். பழச்சாறு ஊற்ற வந்தவளிடம், "உன் மாமியாருக்கு ஊத்தற மாதிரி ஊத்தாதே, நிறைய ஊத்து" என்றவள்.)

4

பதினான்காம் நாள். என் கண்ணில் மண். அவள் கணவர் வந்திருந்தார்.

"அதான் விரல் மடங்குதே, அப்புறமென்ன? வீடு வீடாவா இருக்கு?"

"இருபத்தொரு நாள்னு சொல்லியிருக்காங்க."

"சொல்லுவாங்க. மண்ணைப் பூசிக்கிட்டுப் படுக்க நம்ம வீட்ல தரையா இல்ல?"

டாக்டரம்மா குறுக்கிட்டார். "உணர்ச்சி இப்பத்தான் திரும்புது சார். இப்ப வேலை செஞ்சா பழையபடி ஆயிடும். கையில பிடிமானமே இன்னும் வரல. ஏழே நாள்."

இந்த ஏழு நாளைத்தான் அவள் நம்பியிருந்தாள்.

உதவியாளர் ஈரத்துணியை அரைகுறையாகப் பிழிந்து கட்டில் கம்பியில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். கீழே இருந்த வாளியில் சொட்டு... சொட்டு... எனக்கே எரிச்சலாக இருந்தது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

அவள் கட்டில் கிரீச்சிட்டது.

(தொடாதே என்று நான் கத்தியிருக்க வேண்டும். மண் கண்ணில்தானே இருந்தது, வாயில் இல்லையே?)

ஒரே முறுக்கு. வாளியில் தண்ணீர் சடசடவென்று கொட்டியது. இன்னொரு முறுக்கு. அதற்குப் பிறகு சொட்டுச் சத்தமே இல்லை.

"பாத்தீங்களா! பிடிமானம் வரலைன்னீங்களே!" கணவர் குரலில் பரிசு விழுந்த சந்தோஷம்.

"வலிக்குதாம்மா?" என்றார் டாக்டரம்மா.

"லேசா." பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிற 'லேசா' என் காதுக்குத் தெரியாதா?

"என்னால தடுக்க முடியாது சார். ஆனா நீங்க முடிவு பண்ண முடியாது. அவங்களைக் கேளுங்க."

பையின் ஜிப் திறக்கிற சத்தம்.

"என்ன, வர்றியா?"

5

முடிவு ஒன்று: போகிறாள். வீட்டுக்குப் போன பத்தாம் நாள் மறுபடி டம்ளர் நழுவுகிறது. (நடக்கக்கூடியதுதான். எழுத மனம் ஒப்பவில்லை.)

முடிவு இரண்டு: கணவர் மனம் திருந்தி, "நீ இரு, நான் பாத்துக்கறேன்" என்கிறார். (அப்படி ஒரு கணவரை எழுதிப் பேர் வாங்கலாம். இவர் அவரில்லை.)

முடிவு மூன்று: "பதினான்கே நாளில் பிடிமானம்! மண்ணின் மகிமை!" (மலருக்கு இதுதான் வேண்டும். வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளட்டும். எனக்கு மண்ணின்மேல் ஒரு கோபமும் இல்லை. மண் தன் வேலையைத்தான் செய்தது. ஒரு பெண் படுத்துக் குணமாவதற்கு நாள் எண்ணுகிற, எழுந்து ஒரு துணியைப் பிழிந்ததும் எண்ணுவதை நிறுத்திவிடுகிற)

அந்த வாக்கியத்தை முடித்தால் கெட்ட வார்த்தை வரும். விட்டுவிட்டேன்.

அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். "வர்றேங்க" என்ற சொல்லை என் கதைகளில் எத்தனை பெண்கள் வாயில் நானே திணித்திருக்கிறேன்! இந்த ஒரு தடவை நீங்கள் சொல்லுங்கள். அவசரமே இல்லை. வாயைத் திறந்த பையைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் கொஞ்ச நேரம் நிற்கட்டும்.