மண் கரைத்த தண்ணீர்

பதியுதீன் லெப்பை மையித்தின் வலது தொடையைக் கழுவ, இறந்தவரின் தம்பி முத்தலிப் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தான். காயம் ஒரு சாண் நீளம். பஞ்சு வைத்து அடைத்தும் தண்ணீர் சிவந்தே ஓடியது.

"மாட்டுக் கொம்பு துளைக்கும் தம்பி. இது வெட்டின மாதிரி இரிக்கி."

"மாடுதான் லெப்பை."

காலையிலிருந்து எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தான். ஐந்து நேரமும் தொழுத அவன் காக்கா, ஹராமான காட்டுப்பண்டி குத்தி மௌத்தானார் என்று ஊர் கதைப்பதை அவனால் தாங்க முடியாது.

அது மட்டுமல்ல.

சாகாமத்து வயலில் கதிர் முற்றியிருந்தது. அன்று விடிந்தபோது, அவன் வரம்போரம் வைத்த கம்பிச் சுருக்கில் ஒரு பெரிய பண்டி காலைக் கொடுத்துக் கிடந்தது. "கிட்டப் போகாதடா" என்றார் காக்கா. அவன் போனான். பொல்லால் இரண்டு அடி போட்டான். கம்பி அறுந்தது. அவன் ஓடிப்போய்க் காவல் பரணில் ஏறிக்கொண்டான். துரத்தி வந்த பண்டிக்குக் குறுக்கே காக்கா நின்றார். விழுந்த பிறகு இரண்டு தரம் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பக்கத்து வயல் பெனடிக் கத்திக்கொண்டு ஓடி வந்து பண்டியை விரட்டும்வரை அவன் இறங்கவில்லை.

லெப்பை கபன் துணிக்குக் கை நீட்டினார்.

"லெப்பை... பண்டிதான்."

அவர் கை நின்றது.

"பண்டியெண்டா ஏழு தரம் கழுவோணும். அதுல ஒரு தரம் மண் கரைச்ச தண்ணி. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

லெப்பை அவனை ஒரு கணம் பார்த்தார். "பயிரக் காக்கப் போன மனிசன். இதுல என்னடா வெக்கம்? போ, துப்பரவான மண்ணா அள்ளிக்கிட்டு வா."

அவன் முற்றத்துக்கு வந்து குனிந்தான். வேலியோரம், காக்காவை ஏற்றிவந்த மாட்டுக் கரத்தையடியில் பெனடிக் நின்றார். காக்காவைத் தூக்கும்போது பட்ட இரத்தம் அவர் சட்டையில் காய்ந்திருந்தது.

யன்னல் சீலைக்குப் பின்னாலிருந்து காக்காவின் மனைவி ஆமினா உம்மாவின் குரல் வந்தது.

"தம்பி, மண் என்னத்துக்கு?"

"மாடில்ல மதினி. பண்டி."



"அந்த நேரம் நீங்க அவருக்குப் பக்கத்துலதானே நிண்டீங்க, தம்பி?"

பெனடிக் தலைகுனிந்துகொண்டு மாட்டின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

"ஓம் மதினி," என்றான் முத்தலிப்.

"அல்ஹம்துலில்லாஹ். மனிசன் தனியக் கிடந்து மௌத்தாகல்ல."

முத்தலிப் மண்ணோடு உள்ளே போனான். வாளியில் போட்டுக் கையால் கரைத்தான். தண்ணீர் கலங்கி, விரல்கள் மறைந்தன. கரைந்த பிறகும் கரைத்துக்கொண்டிருந்தான்.

"போதும்," என்றார் லெப்பை. "வாரு."