உரிக்கிற நேரம்

"மொதல்ல அத உரிச்சி முடிங்கண்ணா. அப்புறம் கேளுங்க."

"ஒரே ஒரு ஆட்டம் செல்லி. லாரி இப்போதைக்கு நகராது, நீயும் பாத்துக்கினுதான இருக்க."

"நேத்தும் இதயேதான் சொன்னீங்க. உரிங்க."

வீரமுத்துவின் கையில் ஒரு மரவள்ளிக் கிழங்கும் சின்னக் கத்தியும் இருந்தன. அவனுடைய போன் செல்லியம்மாளின் பையில், தூக்குவாளிக்கு அடியில் கிடந்தது. கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிப் பக்கம் இருக்கும் ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு கொண்டுவரும் மினி லாரியின் டிரைவர் அவன். ஏற்றி இறக்கக் கூட வரும் மலைக்காரப் பெண் அவள்.

மலையில் சிக்னல் கிடைக்காது. அதனால் அங்கே அவன் நல்லவன். ஆலை வாசலில் எடைக்குக் காத்திருக்கும் மூன்று மணி நேரம்தான் அவனைத் தின்றது. போனில் ரம்மி ஆடப் பழகியது இந்த வரிசையில்தான். ஓர் ஆட்டம் முடிவதற்குள் கட்டைவிரல் அடுத்ததைத் தொட்டுவிடும். வேண்டாம் என்று மனசு சொல்வது எப்போதும் ஒரு நொடி பிந்தியே வந்தது. மனைவி ரங்கம்மாளின் தோடு போனது அப்படித்தான். அவளும் பிள்ளையோடு மணலூர்பேட்டைக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் அவனே போனைச் செல்லியிடம் நீட்டினான். "நான் கேட்டாலும் குடுக்காத."

"குடுக்காம சண்ட போட நான் இன்னா ஒங்க பொண்டாட்டியா? ஒரு கிழங்க உரிச்சிட்டுக் கேளுங்க, குடுக்கறேன். தோலு அறாம வரணும். அறுந்தா வேற கிழங்கு."

ஏற்றும்போது உடைந்த கிழங்குகளை அவள் அதற்கென்று ஒதுக்கி வைத்தாள். நீளமாகக் கீறி, கட்டைவிரலை உள்ளே நுழைத்து, மெதுவாகத் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் அறுந்துவிடும். கிழங்கு முழுசாக, பால் வெள்ளையாக வெளியே வரும்போது ஆசை செத்திருக்காது. ஆனால் கழுத்தைப் பிடித்திருந்த கை தளர்ந்திருக்கும். இந்த ஆறு மாதத்தில் இரண்டு தடவைதான் உரித்து முடித்த பிறகும் கேட்டான். இரண்டு தடவையும் அவள் சொன்னபடியே எடுத்துக் கொடுத்தாள். இரண்டு தடவையும் தோற்றான்.

இன்றைக்கும் தோல் ஒரே சுருளாக வந்தது. அவன் போனைக் கேட்கவில்லை.

"நாளையிலேந்து நான் வரலண்ணா" என்றாள் செல்லி. "எங்க ஊரு ஸ்கூல்ல சமையல் வேல கெடச்சிருக்கு."

அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. உடனே பயமாகவும் இருந்தது. இன்றைக்கு நாலு மணி பஸ்ஸில் ரங்கம்மாள் திரும்பி வருகிறாள்.

"அக்காகிட்ட இன்னா சொல்லி வெச்சிருக்கீங்க?"

"சுத்தமா வுட்டுட்டேன்னு."

"வுட்டவரு கையில எதுக்குக் கத்தி?"

அவன் சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பு நின்றது. "ஒனக்கு நான் இன்னாத்த செய்யப்போறேன் செல்லி."

"கிழங்கு மட்டும் குடுத்துடாதீங்க. ஒங்க புண்ணியத்துல எங்க வூட்ல ஆறு மாசமா அதான் சோறு."

இறக்கி முடித்ததும் போனைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, அவள் கச்சிராயபாளையம் பஸ்ஸில் ஏறினாள். மலையிலிருந்து தினமும் இறங்கி வந்து தன்னோடு வெயிலில் உட்கார்ந்திருந்தவளை, பஸ் திரும்பும்வரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். கடவுள் என்று ஒருவர் இருந்தால் அவரும் இப்படித்தான் எதையும் பிடுங்காமல், கொஞ்சம் நேரம் மட்டும் கொடுப்பார் என்று தோன்றியது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ரங்கம்மாள் இறங்கினாள். தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. காது ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சி சொருகியிருந்தாள். அவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கெட்டுவிடுமே என்று ஒரு கணம் தயங்கினான்.

"வுட்டுட்டேன்னு சொன்னது பொய்யி ரங்கா. தெனமும் கை போவுது. லோடு ஏத்த வர்ற ஒரு பொண்ணுதான் தடுத்துக்கினு இருந்தா. நாளையிலேந்து அவ வரமாட்டா."

அவள் சிரிப்பு நின்றது. அவன் அவளுடைய கையில் போனை வைத்தான். தன் பையிலிருந்து உரிக்காத கிழங்கு ஒன்றை எடுத்து அதன் மேல் வைத்தான்.

"நான் போனக் கேட்டா, மொதல்ல இத உரிக்கச் சொல்றியா?"