துரு பார்க்க வருகிறவர்

குனிந்திருக்கிறார், கோதுமை இலையை இரண்டு விரலால் நீவுகிறார், விரலில் செங்கல் தூள் மாதிரி ஒட்டுகிறது, துரு நோய்தானுங்க அம்மணி என்கிறார், இது போன வருஷமா அதற்கு முந்தின வருஷமா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, எல்லாத் தை மாதத்திலும் அவர் குனிந்தே இருக்கிறார். நல்லசாமி சார், கோதுமை ஆராய்ச்சி நிலையத்துக்காரர், கொங்குப் பேச்சு, என்னைப் போலவே தனியாள். கொடைக்கானல் மேல்மலையில் ஊரே பூண்டுக்கும் கேரட்டுக்கும் மாறிவிட்டது, புருஷனைப் பறிகொடுத்த நான் மட்டும் பழைய சம்பா கோதுமையை விடவில்லை, வருஷா வருஷம் துரு விழுந்தது, கதிர் மணி பிடிக்காமல் சாவியானது, மாட்டுக்கு அறுத்துப் போட்டேன், பைத்தியம் என்றார்கள், சொல்லட்டும், துரு விழுந்தால்தானே அவர் வருவார். இலைகளைக் காகித உறையில் போட்டுக்கொண்டு வரப்பில் நின்று சட்டையை உதறுவார், நீங்களும் முந்தானையை உதறுங்க அம்மணி, அடுத்த காட்டுக்குக் கொண்டுபோயிரக் கூடாதுங்க, எதிரெதிரே நின்று உதறுவோம், வெயிலில் சிவப்பாய்ப் பறக்கும், இது காத்துல ஏறி வடக்கே சமவெளி வரைக்கும் போயிருமுங்க என்பார், கொடுத்துவைத்த பொடி, நான் எந்த வரப்பைத் தாண்டினேன், அன்றைக்குப் படுத்தால் கனவிலும் அவர் உதறிக்கொண்டே இருப்பார்.

போன தடவை கையில் ஒரு பை, புது விதைங்க, துரு தாங்கும், பழசை ஒரு பிடிகூட விதைக்காதீங்க, இங்கிருந்து ஏறுற பொடி எத்தனையோ பேரு சோத்துல மண்ணள்ளிப் போடுதுங்க, நல்லதைத்தான் சொல்கிறார், அப்புறம் நீங்க எதுக்கு வருவீங்க என்று வாய்வரை வந்தது, சரிங்க சார் என்றேன். ஓரமாய்ப் பழசைத் தூவப்போன கையை எத்தனை முறை இழுத்துக்கொண்டேன், எனக்குத்தான் தெரியும்.

இதோ தை, இலையை நீவுகிறேன், விரலில் பனி ஈரம் மட்டும், கதிர் பால் பிடித்திருக்கிறது, பைத்தியம் என்ற வாயெல்லாம் விதை கேட்கிறது, சந்தோஷம்தான், அழுகையும் வருகிறது. போன் அடிக்கிறது, அவர்தான், துரு இருக்குங்களா அம்மணி, இருக்கு என்று ஒரு பொய் சொன்னால் நாளைக்கே பஸ் ஏறிவிடுவார், ஒரு பொட்டுகூட இல்ல சார், நல்லதாப் போச்சுங்க, அப்ப இந்த வருஷம் நான் வர வேண்டியதில்லீங்க, சிரிக்கிறார், சிரிப்பு பாதியில் நிற்கிறது, அவரும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை, நோய்க்கே வந்து பழகிய மனுஷன், என் காட்டில் ஒரு அறுப்பைப் பார்த்ததில்லை, மாசிக் கடைசியில அறுக்கிறேன், வாங்க சார் என்றேன், அறுப்புல நான் என்னத்தைங்க பாக்கறது என்கிறார், குரல் இறங்கியிருக்கிறது, இலையையே பார்த்தது போதும் சார், என்னைப் பார்க்க வாங்க.