இருபத்தேழாம் வரிசை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் அழைப்பிதழிலிருந்து பிறந்தது. வரும் ஞாயிறு, இங்கே சுவிஸில், டீட்டிகோன் நகரத்தில் சயந்தனின் மகளுக்குச் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு. லாங்கன்தால் தொழிற்சாலையில் என்னோடு ஒன்பது வருடம் வேலை செய்தவன் அவன். நான் நுண்ணிய லென்ஸ் வரிசைகளை வரைவேன், அவற்றை வார்க்கும் அச்சை அவன் இயந்திரத்தில் வெட்டுவான். ஆறு வருடமாக நாங்கள் கதைக்கவில்லை. ஆனாலும் உறையில் என் பெயரைத் தன் கையாலேயே எழுதியிருக்கிறான்.

முதல் தொடக்கம்: ‘உள்ளங்கையளவு பித்தளைத் தகட்டில், கடுகிலும் சிறிய ஆயிரத்து அறுநூறு குழிகளை வைரமுனை வெட்டிக்கொண்டிருந்தது. தூசி நுழையாத அந்த அறையில்…’

(அழகாகத்தான் இருக்கிறது. அழகாகத் தொடங்கித் தப்பப் பார்க்கிறேன். விட்டுவிட்டேன்.)

2

முதல் வரைவில் நிரஞ்சினி என்றொரு பெண் வந்தாள். சரஸ்வதி பூசையன்று இயந்திரத்துக்குத் திருநீறு பூசியது அவள்தான். அப்படி ஒருத்தி எங்கள் வேலையிடத்தில் இருந்ததே இல்லை. பாவம், கோடு போட்டு அடித்துவிட்டேன்.

பூசியது நான். கோயில் பக்கமே போகாத நான். அது என் முதல் சொந்த வடிவமைப்பு, பயமாக இருந்தது. இயந்திர மூடியின் விளிம்பில் மூன்று விரலால் ஓர் இழுப்பு, அவ்வளவுதான். அதில் ஒரு துகள் வைரமுனைக்கடியில் விழுந்து இருபத்தேழாம் வரிசை முழுக்கக் கீறல். மூன்று கிழமை வேலை வீண். மூடியில் வெள்ளைப் பொடியைக் கண்ட மேலாளர் சயந்தனின் நெற்றியைப் பார்த்தார். அங்கே திருநீறு பூசுகிறவன் அவன் ஒருவன்தான்.

அவன் என்னிடம் மட்டும் சொன்னான்:

“நான் ஒவ்வொரு நாளும் நெத்தியைக் கழுவிப்போட்டுத்தானே அண்ணை உள்ளுக்குப் போறனான். உங்களுக்குத் தெரியுந்தானே.”

“ஓம், தெரியும்” என்றேன். அவனிடம் மட்டும். மேலாளரிடம் வாய் திறக்கவில்லை. அவனைப் பொதிகட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒரு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டான்.

[அடிக்குறிப்பு: மதியங்களில் அறைக்கு வெளியே இருந்து அவனுடைய புட்டைப் பங்குபோட்டுச் சாப்பிடுவோம். உள்ளே இயந்திரத்தின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் பிடித்த கவளத்தோடு எழும்பிவிடுவான். கதைக்கு இது தேவையில்லை. அந்த மதியங்கள் எனக்குத் தேவையாக இருக்கின்றன.]

3

முடிவு ஒன்று: மண்டபத்தில் சொல்கிறேன், அவன் கட்டிப்பிடிக்கிறான். (சினிமா.)

முடிவு இரண்டு: சாப்பிட்டுவிட்டு, சொல்லாமலே ரயில் ஏறுகிறேன். (ஆறு வருடமாக இதைத்தானே செய்கிறேன்.)

வாசலில் சந்தனமும் திருநீறும் வைத்த தட்டை அவனே நீட்டக்கூடும். என் மூன்று விரல்களும் அதைத் தொடும். ‘சயந்தன், அண்டைக்கு அந்த மூடியில…’

இதற்குமேல் நான் எழுதினால் மறுபடியும் கதையாகிவிடும். மிச்சத்தை நான் வாயால் சொல்லவேண்டும். உங்கள் பிரதியில் நீங்கள் விரும்பியபடி முடித்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன், நிரஞ்சினியை மட்டும் திரும்பக் கூட்டிவராதீர்கள்.