இல்லாத ஏரம்பர்

தலைமுழுகின ஈரம் முதுகில் இறங்க, விமலாதேவி குசினிக் கதிரையில் இருந்தபடி தமையன் வரதராஜா வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில்தான் அவள் கணவன் கதிர்காமநாதனை றூக்வூட் சுடலையில் எரித்துவிட்டு வந்திருந்தார்கள். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு வேண்டும். இறந்தவரின் குலம், பெருமை எல்லாவற்றையும் பாட்டாக்கி அச்சடித்து ஊருக்குக் கொடுக்கிற புத்தகம் அது. எழுபத்தொன்பதாம் ஆண்டுச் சிட்னியில் தமிழ் அச்சுக்கு எங்கே போவது? நண்பன் சிறி அன்று மாலை கொழும்புக்குப் பறக்கிறான். அவன் கையில் கொடுத்தால் யாழ்ப்பாணத்து அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் வரதராஜாவுக்கு அவசரம்.

"சீர்மிகு குடியில் சிவனடி மறவா ஏரம்பர் ஈன்ற இளஞ்சிங்கம்..."

"நிப்பாட்டுங்கோ அண்ணா," என்றாள் விமலா. "ஏரம்பர் ஆர்?"

வரதராஜா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற விமலாவின் மகள் கமலினியும் கையை நிறுத்தினாள்.

"என்ன கேள்வி இது? உன்ர மாமனார்."

அப்படி ஒரு மனிதர் இந்தப் பூமியில் நடமாடியதே இல்லை. கதிர்காமநாதன் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். தாய் யார், தகப்பன் யார் என்று அவருக்கே தெரியாது. இருபது வருடத்துக்கு முன் கலியாண அழைப்பிதழில் போட ஒரு தகப்பன் தேவைப்பட்டபோது, வரதராஜாதான் ஏரம்பரைப் பெற்றெடுத்தார். பெற்ற கையோடு 'காலஞ்சென்ற' என்று போட்டுச் சாகடித்தும் விட்டார். கதிர்காமநாதன் அழைப்பிதழை வாசித்துவிட்டு விமலாவைத்தான் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

அந்த மனிதர் சிட்னிக்கு வந்து, றெயில்வே வேலைக்கு நடுவில் ஒரு பேஸ்போல் கிளப்புக்கு ஸ்கோர் எழுதப் போனார். கிளப்பின் ஆண்டுமலரில், ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தொன்பதில் ஓர் அமெரிக்கத் தளபதி இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தார் என்று போட இருந்தார்கள். கதிர்காமநாதன் விட்டாரா? நூலகம் நூலகமாக அலைந்தார். கிளப்காரரோடு இரண்டு குளிர்காலம் மல்லுக்கட்டினார்.

"தளபதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை," என்பார் வீட்டுக்கு வந்து. "பெருமைக்கு ஒரு அப்பன் வேணுமெண்டு ஒரு கொமிட்டி கூடி முடிவெடுத்தது. அதுக்கு எத்தினை காலம் முந்தியே இங்கிலாந்துப் பிள்ளையள் பந்தை அடிச்சுப்போட்டுச் சுத்தி ஓடினவை. எங்கட இல்லத்தில 'எல்லே' எண்டு பந்தடிச்சு விளையாடேக்க, ஓடுறவனுக்குப் பந்தால எறிஞ்சுதானே அவுட்டாக்குறனாங்கள்? ஆதியில பேஸ்போலும் அப்பிடித்தான். ஆர் பெத்ததெண்டு தெரியாது விமலா. தெரியாதெண்டு எழுதினா என்ன குறைஞ்சு போகுது?"

கடைசியில் தளபதி மலரில் வரவில்லை. அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பை விமலா அதற்கு முன் கண்டதில்லை.

"ஏரம்பரை வெட்டுங்கோ," என்றாள்.

"விசரோ உனக்கு? நாளைக்கு இவளுக்குக் கலியாணம் பேசி வாறவன் முதல்ல கல்வெட்டைத்தான் கேப்பான். அநாதையின்ர பிள்ளை எண்டு தெரிஞ்சா ஒருத்தன் படி ஏறுவானோ?"

இத்தனை காலமும் விமலாவை ஊமையாக்கி வைத்திருந்தது இந்தப் பயம்தான். மகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஐ டோன்ற் கெயார், மாமா," என்றாள் கமலினி. "அப்பா எனக்கு எப்பவோ சொல்லிட்டார். அம்மாவிட்டக் கேக்காதை, அவ கவலைப்படுவா எண்டவர்."

சுடலையில் வராத அழுகை அப்போதுதான் விமலாவுக்கு வந்தது. அழுதபடியே தமையனின் கையிலிருந்து தாளைப் பிடுங்கினாள்.

"ஒரு பந்து விளையாட்டுக்கே பொய்யா ஒரு அப்பனை வைக்க விடாத மனுசன் அண்ணா. அந்தாளுக்கே வைக்கப் பாக்கிறியள்."

தமையனுடைய பேனையாலேயே இளஞ்சிங்கத்தைக் குறுக்கே வெட்டிவிட்டுக் கீழே எழுதினாள்: 'பெற்றோர் யாரென்று தெரியாது. அநாதை இல்லத்தில் வளர்ந்தார். எல்லே நன்றாக அடிப்பார்.' மடித்து உறையில் போட்டு ஒட்டினாள்.

வரதராஜா பெருமூச்சு விட்டுக் கையை நீட்டினார். "சரி, தா. நான் சிறியிட்டக் குடுக்கிறன்."

"உங்களிட்டத் தந்தா வழியில ஏரம்பர் உயிர்த்திடுவார். நானே கொண்டுபோறன்."

"செத்தவீட்டுத் துடக்குக்காரி, புருசனை எரிச்ச அண்டைக்கே, பயணம் வெளிக்கிடுறவன்ர வாசல்ல போய் நிக்கிறதோ? சனம் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும். காரை எடுங்கோ."

வெஸ்ட்மீட்டில் சிறியின் வீட்டு விறாந்தையில் கயிறு கட்டிய பெட்டிகள் தயாராக இருந்தன. கதவைத் திறந்த அவன் மனைவி யோகா, விமலாவின் வெறும் நெற்றியைக் கண்டு அரைக்கதவோடு நின்றுவிட்டாள்.

"அக்கா... இவர் இப்ப வெளிக்கிடப் போறார்."

"தெரியும். நான் உள்ள வரேல்லை."

விமலா உறையை நீட்டினாள். யோகா வீட்டுக்குள்ளே பார்த்தாள், காருக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த வரதராஜாவைப் பார்த்தாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கடைசியில் யோகா வாங்கிக் கணவனிடம் கொடுத்தாள்.

சிறி குந்தியிருந்து ஒரு பெட்டியின் கயிற்றை அவிழ்த்தான். சேட்டுகளுக்கு நடுவில் உறையை வைத்து மூடி, மறுபடியும் கட்டினான். கடைசி முடிச்சை அவன் இறுக்கும்வரை விமலாதேவி வாசலை விட்டு அசையவில்லை.